"ரெண்டு நாளாதான் இருமல்": நடு வயசுக்கு மேல விடாத இருமலும் சளியும் எவ்வளவு பேருக்கு இருக்கு?

மெடிக்கல் ஷாப் கவுன்டர்ல நிக்க ஆரம்பிச்சு பதினாலு வருஷம் ஆச்சு. இருமல் மருந்து கேட்டு வர்றவங்ககிட்ட எத்தனை நாளான்னு கேட்பேன், பதில் முக்காவாசி ஒன்னுதான், "ரெண்டு நாளாதான்பா". போன மார்கழில ஒருத்தர் வந்தாரு, அறுபதைத் தாண்டியிருக்கும், சட்டைப் பாக்கெட்ல பீடிக்கட்டு துருத்திக்கிட்டு இருக்கு. ரெண்டு நாளாதான்னு அவர் சொல்லி முடிக்கல, வண்டிகிட்ட நின்ன அவர் வீட்டம்மா அங்க இருந்தே "எந்த ரெண்டு நாளு? பேத்தி காதுகுத்துக்கு முந்தியே இருமிக்கிட்டுதானே இருந்தீங்க, அவ இப்ப எல்கேஜி போறா"ன்னு ஒரு போடு போட்டாங்க. அவர் பொய் சொல்லலீங்க. ரெண்டு நாளா கொஞ்சம் ஜாஸ்தி, அதைத்தான் சொன்னாரு. அதுக்கு முன்னாடி இருந்தது அவர் கணக்குல இருமலே இல்ல, காலைல எந்திரிச்சா நாலு தடவ வரும், பல்லு விளக்குறப்ப காறித் துப்பினா சரியாயிடும், அவ்வளவுதான்.

நடு வயசுக்கு மேல நூத்துக்கு எத்தனை பேருக்கு இப்படி விடாத இருமல் இருக்குன்னு யாராவது கேட்டா நம்பர் சொல்லலாம், ஆராய்ச்சி பண்ணி எடுத்த நம்பர் நிறைய இருக்கு. ஆனா அந்த நம்பரைப் பாக்குறதுக்கு முன்னாடி இந்த பீடிக்காரரை மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா அவர்கிட்ட கேட்டா ஒரு பதில், வீட்டம்மாகிட்ட கேட்டா வேற பதில்.

முதல்ல எதை "விடாத இருமல்"னு சொல்றாங்கன்னு பாப்போம். பெரியவங்களுக்கு மூணு வாரத்துக்குள்ள நின்னுட்டா அது சாதாரண ஜலதோஷ இருமல். மூணுல இருந்து எட்டு வாரம் இழுத்தா அது நடுவாந்தரம், பெரும்பாலும் ஏதாவது வைரஸ் காய்ச்சல் வந்துட்டுப் போன மிச்சம். எட்டு வாரம் தாண்டினா க்ரானிக், நாள்பட்ட இருமல். இது இருமலுக்கு. சளிக்குத் தனியா ஒரு கணக்கு இருக்கு, வருஷத்துல 3 மாசம், பெரும்பாலான நாள்ல சளியோட இருமல், அதுவும் தொடர்ந்து 2 வருஷம் இப்படி இருந்தா க்ரானிக் ப்ராங்கைட்டிஸ்னு பேரு. ரெண்டும் ஒன்னு இல்ல. சளியே இல்லாம வருஷக்கணக்கா வறட்டு இருமல் இருமுறவங்க இருக்காங்க, இருமலே பெருசா இல்லாம தினம் காலைல ஒரு வாய் கோழை துப்புறவங்களும் இருக்காங்க, ரெண்டும் சேர்ந்து இருக்குறவங்க பாடுதான் ரொம்ப மோசம்.

இந்த 3 மாசக் கணக்கு எங்க இருந்து வந்துச்சுங்கிறது ஒரு சுவாரஸ்யமான கதை. 1952 டிசம்பர்ல லண்டன்ல நிலக்கரிப் புகையும் பனியும் கலந்து அஞ்சு நாள் ஊரையே மூடிருச்சு, அப்ப சொன்ன கணக்குப்படியே நாலாயிரம் பேர் கிட்ட செத்தாங்க, பின்னாடி பண்ணின கணக்குல அது பன்னெண்டாயிரம் வரைக்கும் போகுது. இருமலும் சளியும் பிரிட்டன்ல அவ்வளவு சகஜமா இருந்ததால ப்ராங்கைட்டிஸையே இங்கிலீஷ்காரன் வியாதின்னு சொல்லுவாங்களாம். அதை ஒழுங்கா எண்ணணும்னா எல்லார்கிட்டயும் ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேக்கணும்ல, அதுக்காக 1960-ல அங்க மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில் ஒரு கேள்வித்தாள் போட்டாங்க. குளிர்காலத்துல காலைல எந்திரிச்சதும் உங்களுக்கு வழக்கமா இருமல் வருமா, நெஞ்சுல இருந்து சளி வருமா, இப்படிப் போகும் அந்தக் கேள்வி. இன்னைக்கு உலகம் பூரா கேக்குற கேள்விகள் பலதுக்கும் மூலம் அதுதான். குளிர்காலத்தை நம்ம ஊருக்கு மார்கழி தைன்னு வச்சுக்க வேண்டியதுதான். ஆனா அந்தக் கேள்வில ஒரு புத்திசாலித்தனம் இருக்கு பாருங்க, "உங்களுக்கு இருமல் இருக்கா"ன்னு கேக்கல, "காலைல எந்திரிச்சதும் வருமா"ன்னு கேட்டாங்க. முதல் கேள்விக்கு நம்ம பீடிக்காரர் இல்லம்பாரு, ரெண்டாவதுக்கு "அது எல்லாருக்கும் வர்றதுதானே"ம்பாரு, மாட்டிக்கிட்டாரு.

சரி நம்பருக்கு வருவோம். 2015-ல உலகத்துல பல நாட்டுல நடந்த 90 ஆய்வை ஒன்னா சேர்த்துப் பாத்தாங்க, பெரியவங்கள்ல 9.6 சதவீதம் பேருக்கு நாள்பட்ட இருமல், அதாவது பத்துல ஒருத்தர்னு சொல்லலாம். கண்டம் வாரியா பிரிச்சா ஆஸ்திரேலியா பக்கம் 18.1, ஐரோப்பா 12.7, அமெரிக்கக் கண்டம் 11, ஆசியா 4.4, ஆப்பிரிக்கா 2.3. இதைப் பாத்ததும் எனக்கு சிரிப்பு வந்துருச்சு. விறகு அடுப்புப் புகை, பீடி, குப்பை எரிக்கிறது, டீபி எல்லாம் நம்ம பக்கம், ஆனா இருமல் மட்டும் அவங்களுக்கா? எனக்குத் தோணுறது, நம்ம ஆளுங்க இருமுறது கம்மி இல்ல, இருமுறேன்னு சொல்லிக்கிறதுதான் கம்மி. இது என்னோட அபிப்பிராயம், கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்குறவனோட அபிப்பிராயம்.

வயசானவங்களை மட்டும் எடுத்துப் பாத்தா நம்பர் ஏறுது. கனடாவுல 45-ல இருந்து 85 வயசு வரைக்கும் உள்ள முப்பதாயிரம் பேரை வருஷக்கணக்கா பின்தொடர்ந்து ஒரு ஆய்வு நடக்குது, அதுல 16 சதவீதம் பேர் கிட்ட நாள்பட்ட இருமல் இருக்குன்னு சொல்லியிருக்காங்க, ஆறுல ஒருத்தர். இன்னொன்னு, ஆரம்பத்துல இருமல் இல்லாதவங்களை மூணு வருஷம் கழிச்சுக் கேட்டா அதுல பத்துல ஒருத்தருக்குப் புதுசா வந்திருக்கு. நெதர்லாந்துல ராட்டர்டாம் ஊர்ல 45 வயசுக்கு மேல பாத்ததுல 10.9 சதவீதம், அங்க வயசு ஏற ஏற கூடிக்கிட்டே போய் எழுபதுகள்ல உச்சத்துக்குப் போகுது. நம்ம நாட்டுல 12 இடத்துல நகரம் கிராமம் ரெண்டும் சேர்த்து நடத்தின பெரிய ஆய்வு ஒன்னு 2012-ல வந்துச்சு, அதுல 35 வயசுக்கு மேல க்ரானிக் ப்ராங்கைட்டிஸ் 3.49 சதவீதம். கம்மியா தெரியும், ஆனா அது அந்த 3 மாசம் 2 வருஷம்ங்கிற கறாரான கணக்குக்குள்ள வந்தவங்க மட்டும்தான், சும்மா எட்டு வாரம் இருமினவங்களை அதுல சேர்க்கல. உங்க தெருவுல 45 தாண்டினவங்க இருநூறு பேர் இருந்தா, எந்தக் கேள்வியைக் கேக்குறோம்ங்கிறதைப் பொறுத்து ஏழு பேரும் சொல்லலாம், முப்பது பேரும் சொல்லலாம்.

இப்ப இந்த சளி என்னன்னு ஒரு நிமிஷம். சளின்னா ஏதோ கெட்டது உள்ள ஊறி வெளிய வருதுன்னு நினைக்கிறோம், அப்படி இல்ல. நல்லா இருக்குற நுரையீரல்லயே தினமும் சளி சுரக்கும், மூச்சுக்குழாய் உள்பக்கம் பூரா ஒரு மெல்லிசான படலமா இருக்கும், நாம இழுக்குற தூசி, கிருமி, புகைத்துகள் எல்லாம் அதுல ஒட்டிக்கும். அந்தப் படலத்துக்கு அடில கண்ணுக்குத் தெரியாத மயிரிழைங்க கோடிக்கணக்குல இருக்கு, சிலியான்னு பேரு, செகண்டுக்குப் பத்து தடவைக்கு மேல அசைஞ்சு சளியை மேல மேல தள்ளிக்கிட்டே இருக்கும், நாத்து நட்ட வயல்ல காத்து அடிச்சா ஒரே பக்கமா அலையலையா சாயும்ல, அந்த மாதிரி. தொண்டை வரைக்கும் வந்ததும் நமக்கே தெரியாம முழுங்கிடுவோம். பீடி சிகரெட் புகை போகப் போக ரெண்டு காரியம் நடக்கும், சளி சுரக்குற செல்லுங்க பெருத்துப் போய் சரக்கு அதிகமாகும், தள்ளி விடுற மயிரிழை முடங்கிப் போகும். அப்புறம் மேல ஏத்துறதுக்கு இருமலை விட்டா வேற வழி இல்ல. ராத்திரி பூரா சேர்ந்தது காலைல எந்திரிச்சதும் வர்றது இதனாலதான். புகைய விட்ட புதுசுல சில பேருக்கு இருமல் கொஞ்சம் கூடும், மயிரிழை திரும்ப வேலை செய்ய ஆரம்பிக்கிற நேரம் அது, "விட்டதுக்கு அப்புறம்தான் சளி ஜாஸ்தியாச்சு"ன்னு சொல்லி மறுபடி பத்த வச்சவங்களை நான் பாத்திருக்கேன், எரிச்சலா வரும்.

சளி மஞ்சளா பச்சையா இருந்தா உடனே ஆன்டிபயாடிக் கேக்குறவங்களுக்கு ஒன்னு, அந்தப் பச்சை கலர் நம்ம வெள்ளை அணுக்குள்ள இருக்குற ஒரு என்சைமோட கலரு. அணுக்கள் சண்டைக்கு வந்திருக்குன்னு அர்த்தம், எதிராளி பாக்டீரியாவா வைரஸான்னு கலர் சொல்லாது.

ஏன் வயசானா அதிகமாகுதுன்னு கேட்டா, வயசுங்கிறதே ஒரு சேமிப்புக் கணக்கு மாதிரிதான், உள்ள போனது எல்லாம் சேர்ந்து நிக்கும். ஆம்பளைங்களுக்கு பீடி, கல் குவாரி, பஞ்சு மில்லு, சிமென்ட் வேலை. பொம்பளைங்களுக்கு அடுப்பு. இன்னைக்கு அறுபது வயசுல இருக்குற ஒரு அம்மா, பத்து வயசுல இருந்து ஊதாங்குழலை வாயில வச்சு, முகத்தை அடுப்புக்கு முழ தூரத்துல நீட்டி, ஈரக் கருவேல விறகை ஊதி ஊதிப் பத்த வச்சவங்க, ஒவ்வொரு ஊதுக்கு அப்புறமும் மூச்சை உள்ள இழுக்கணும்ல, எதை இழுத்திருப்பாங்க? கேஸ் வந்து வருஷம் ஆச்சு, ஆனாலும் வெந்நீருக்கும் நெல்லு அவிக்கவும் கொல்லைல விறகு அடுப்பு எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு. திருவள்ளூர் மாவட்ட கிராமங்கள்ல பீடி சிகரெட் பக்கமே போகாத பொம்பளைங்ககிட்ட ஊதிப் பாக்குற டெஸ்ட் எடுத்து ஒரு ஆய்வு பண்ணினாங்க, அவங்கள்லயும் மூச்சுக்குழாய் சுருங்கிப் போற சிஓபிடி இருந்துச்சு. புகைபிடிக்காத வீட்டுக்கு அந்த வியாதி வராதுன்னு யாரும் நினைச்சுக்க வேணாம்.

ஆனா எல்லா இருமலும் நுரையீரல்ல இருந்து வர்றது இல்ல, இதுதான் பலபேருக்குப் புதுசா இருக்கும். இருமலைத் தூண்டுற நரம்பு, வேகஸ்னு பேரு, அது தொண்டை, மூச்சுக்குழாய், உணவுக்குழாய்னு ஊரெல்லாம் சுத்துது, ஒரு கிளை காதுக்கு கூட போகுது. காதுல பட்ஸ் விட்டுக் குடையறப்ப சிலருக்கு பொக்குன்னு இருமல் வரும் பாருங்க, அதனாலதான். அதனால மூக்குல இருந்து பின்பக்கமா தொண்டைக்கு சொட்டுற நீர், வீசிங் சத்தமே இல்லாம இருமலா மட்டும் வர்ற ஆஸ்துமா, படுத்தா நெஞ்சுக்கு ஏறுற ஆசிட், இந்த மூணும் எக்ஸ்ரே சுத்தமா இருக்குறவங்களுக்கு நாள்பட்ட இருமல் கொடுக்குற முக்கியமான ஆளுங்க. நம்ம பக்கம் இன்னொன்னும் உண்டு. "ஈஸ்னோபீலியா இருக்குன்னு சொன்னாங்க"ன்னு வந்து நிப்பாங்க, அது ரத்தத்துல இருக்குற ஒரு வகை வெள்ளை அணு, அது கூடியிருக்குங்கிறது ஒரு அடையாளம்தான், வியாதியோட பேரு இல்ல. அலர்ஜியா இருக்கலாம், வயித்துல பூச்சியா இருக்கலாம், யானைக்கால் புழுவால ராத்திரி ராத்திரி இருமல் வர்ற ஒரு வியாதியும் இருக்கு, அதுக்கு மருந்தே வேற. காரணம் எதுவுமே சிக்காம நரம்பு மட்டும் ரொம்ப கூர்மையாகிப் போய், வாசனைக்கும் ஏசி காத்துக்கும் சிரிச்சாலும் பேசினாலும் இருமுறவங்களும் இருக்காங்க, அவங்களுக்குன்னு ஜப்பான்ல 2022-ல ஒரு மாத்திரைக்கு அனுமதி கொடுத்தாங்க, ஆனா அதுல பாதிப் பேருக்கு நாக்குல ருசி மாறிப்போகுதாம்.

இங்க ஒரு முக்கியமான விஷயம், எட்டு வாரம்னு மேல சொன்னேன்ல, அதை வச்சுக்கிட்டு நம்ம ஊர்ல எட்டு வாரம் காத்திருக்கக் கூடாது. டீபி இருக்குற நாடு இது, உலக டீபி கேஸ்ல கால்வாசி நம்மகிட்ட. அதனால இங்க அரசாங்க விதி 2 வாரம். ரெண்டு வாரம் இருமல் நிக்கலைன்னா சளி டெஸ்ட் கொடுக்கணும், கவர்மென்ட் ஆஸ்பத்திரில காசு கிடையாது. சுகர் இருக்குறவங்களுக்கு டீபி வர்ற வாய்ப்பு ரெண்டு மூணு மடங்கு, நம்ம ஊர்ல நாப்பதைத் தாண்டினா சுகர் இல்லாத வீடு எங்க இருக்கு சொல்லுங்க. சளி கொடுக்குறதுலயும் ஒரு முறை இருக்கு, டப்பாவுல எச்சியைத் துப்பிட்டு வந்துடுவாங்க, அதுல ஒன்னும் தெரியாது. காலைல எந்திரிச்சதும் வாயைத் தண்ணில கொப்பளிச்சுட்டு, மூச்சை நல்லா உள்ள இழுத்து ரெண்டு மூணு தடவ விட்டு, அப்புறம் அடிவயித்துல இருந்து இருமினா வரும் பாருங்க கெட்டியா, அதைத்தான் டப்பால பிடிக்கணும், வீட்டுக்குள்ள இல்லாம வெளிய காத்தோட்டமா நின்னு. டீபின்னா தாம்பரம் ஆஸ்பத்திரில கொண்டுபோய்ப் போட்டுடுவாங்கன்னு பயப்படுற பெருசுங்க இன்னும் இருக்காங்க. ஆஸ்பத்திரிலயே கிடக்க வேண்டியதில்ல, வீட்ல இருந்தே மருந்து சாப்பிட்டா அதே அளவுக்குக் குணமாகும்னு உலகத்துக்குக் காட்டினதே நம்ம சென்னைதான், சேத்துப்பட்டுல 1956-ல ஆரம்பிச்ச ஆய்வு அது. டீபி குணமான பிறகும் சில பேருக்கு உள்ள தழும்பு நின்னு மூச்சுக்குழாய் அகண்டு போய் வருஷக்கணக்கா சளி வந்துக்கிட்டே இருக்கும், அது மறுபடி டீபியான்னு டாக்டர்தான் பாத்துச் சொல்லணும்.

சளில ரத்தம், காரணமில்லாம உடம்பு இளைக்கிறது, சாயங்காலம் காய்ச்சல், படுத்தா மூச்சு முட்டுறது, ரொம்ப நாள் புகைபிடிச்சவருக்கு இருமலோட சத்தமோ குரலோ மாறுறது, இதுல எது இருந்தாலும் ரெண்டு வாரக் கணக்கெல்லாம் பாக்காம அன்னைக்கே போகணும். சாப்பிடுறப்ப மட்டும், தண்ணி குடிக்கிறப்ப மட்டும் புரையேறி இருமுற வயசானவங்களையும் கவனிங்க, முழுங்குறதுல கோளாறு இருந்தா சாப்பாடு நுரையீரலுக்குள்ள இறங்கி நிமோனியா வரைக்கும் போகும்.

இன்னொன்னு யாருமே வாயைத் திறந்து சொல்லாதது. இருமினா யூரின் கசியுது. ஐம்பது தாண்டின பொம்பளைங்க எத்தனையோ பேருக்கு இருக்கு, கல்யாணத்துக்கு வரமாட்டாங்க, பஸ்ல தூரம் போகமாட்டாங்க, கேட்டா முட்டி வலின்னு சொல்லிடுவாங்க. கடைல கூட, கூட்டம் போகட்டும்னு ஓரமா நின்னு, பொண்ணு ஒருத்தி பில் போடுற நேரமா பாத்து நாப்கின் வாங்கிட்டுப் போவாங்க. அந்த இருமலுக்குத்தான் முதல்ல வைத்தியம் பாக்கணும்.

சிரப் பத்தி ரெண்டு வார்த்தை, என் வியாபாரமே அதுதான், இருந்தாலும். வறட்டு இருமலை அடக்குற மருந்து வேற, சளியை இளக்குற மருந்து வேற, சளியோட இருமுறவருக்கு அடக்குற மருந்தைக் கொடுத்தா சளி உள்ளயே தங்கும். பல சிரப்ல தூக்கம் வர்ற பழைய அலர்ஜி மருந்து கலந்திருக்கும், ப்ராஸ்டேட் வீங்கின தாத்தாவுக்கு அது யூரினை அடைச்சுப்புடும், சுகர்காரங்களுக்கு சிரப்ல இருக்குற சர்க்கரை தனிக் கணக்கு. சளி இளக்குற சிரப்ல அம்ப்ராக்ஸால்னு போட்டிருக்கும் பாருங்க, அதோட பூர்வீகத்தைத் தேடிப் போனா வேலியோரத்துல நிக்கிற ஆடாதோடைல போய் நிக்கும், அந்த இலைல இருக்குற ஒரு பொருளைப் பாத்து செஞ்ச ப்ரோம்ஹெக்ஸின், அது உடம்புக்குள்ள போய் மாறுறதுதான் அம்ப்ராக்ஸால். அப்பத்தா ஆடாதோடைக் கஷாயம் வச்சது சும்மா இல்ல. ஆனா கஷாயமோ சிரப்போ, காரணம் உள்ள அப்படியே இருந்தா ரெண்டும் ஒன்னுதான்.

அதுக்கு ஒரு உதாரணம் என் கடைலயே நடந்துச்சு. மாசா மாசம் பிரஷர் மாத்திரை வாங்குற ஒரு அக்கா, அம்பத்தஞ்சு வயசிருக்கும், மாத்திரையோட ஒரு இருமல் சிரப்பும் வாங்குவாங்க. அஞ்சு மாசமா. தொண்டைல நூலு விட்டு இழுக்குற மாதிரி கமறுது தம்பின்னுவாங்க, சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது, சளி டெஸ்ட் எக்ஸ்ரே எல்லாம் சுத்தம். ஒருநாள் பில் போடுறப்பதான் எனக்கே உறைச்சுது, மேல் வரில எனலாப்ரில், கீழ் வரில இருமல் சிரப். ஒரே பில்லுல வியாதியும் இருக்கு மருந்தும் இருக்கு, நானே ரெண்டையும் கவர்ல போட்டுக் கொடுத்துக்கிட்டு இருந்திருக்கேன். எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி "ப்ரில்"னு முடியுற மாத்திரைங்க பிரஷருக்கும் இதயத்துக்கும் அருமையான மாத்திரைங்கதான், ஆனா மூச்சுக்குழாய்ல ப்ராடிகைனின்னு ஒரு பொருளைத் தேங்க விட்டுடும், சுமாரா பத்துல ஒருத்தருக்கு அதனால வறட்டு இருமல் வரும், பொம்பளைங்களுக்கு இன்னும் ஜாஸ்தி. மாத்திரை ஆரம்பிச்சு மாசக்கணக்கு கழிச்சும் வரும்ங்கிறதால யாருக்கும் சந்தேகம் வராது. அக்கா, நீங்களா நிறுத்திடாதீங்க, இந்த சீட்டோட டாக்டரைப் பாத்து இருமலை மட்டும் சொல்லுங்கன்னு அனுப்பினேன். டாக்டர் டெல்மிசார்டனுக்கு மாத்திக் கொடுத்தாரு. இருமல் ஒரேயடியா நிக்காது, ஒரு மாசம், சிலருக்கு மூணு மாசம் கூட ஆகும். அந்த முதல் மாசமும் அவங்க விடாம ஒரு சிரப் வாங்கிட்டுதான் போனாங்க, நான் எவ்வளவு சொல்லியும்.

அதுக்கு அடுத்த மாசம் வந்தாங்க, மாத்திரை மட்டும் கேட்டாங்க. இருமல் எப்படிக்கா இருக்குன்னேன். "சுத்தமா நின்னுருச்சு தம்பி. கடைசியா குடுத்தியே ஒரு சிரப், அது பேரை மட்டும் எழுதிக் குடு, எங்க வீட்டுக்காரருக்கும் ரொம்ப நாளா இருக்கு."